கிரேட் கிளென் பாதை: 120 கிலோமீட்டரை மூன்றால் வகுக்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஜூலையில் நான்கு நாள் விடுமுறை. பதினைந்து வயது மகனுடன் ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியமிலிருந்து இன்வர்னெஸ் வரை, ஏரிக்கரையும் காடுமாகப் போகும் கிரேட் கிளென் பாதையைச் சைக்கிளில் கடக்க ஆசை. லெஸ்டரில் தினமும் வேலைக்குப் போய்வர இருபது கிலோமீட்டர் மிதிக்கிறீர்கள். பாதை ஏறத்தாழ 120 கிலோமீட்டர், நாளுக்கு 40 வீதம் மூன்று நாள், நான்காம் நாள் ரயிலில் திரும்பிவிடலாம், சரிதானே என்கிறீர்கள். வீட்டில் இருக்கும் சைக்கிள் போதுமா, மின்சைக்கிளை வாடகைக்கு எடுக்க வேண்டுமா என்பது இரண்டாவது கேள்வி. "எங்களால் முடியுமா" என்று முடித்திருக்கிறீர்கள். முடியும். உடம்பைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்த வகுத்தல் கணக்குத்தான் உதைக்கிறது.

நான் பதினோரு ஆண்டுகளாக இன்வர்னெஸில் சைக்கிள் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். இந்தப் பாதையை முழுதாக ஒன்பது முறை ஓட்டியிருக்கிறேன், துண்டு துண்டாக எத்தனை முறை என்று எண்ணவில்லை. ஆனால் பாதையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, ஓட்டிக் கற்றது அல்ல. கோடைக்கால மாலைகளில் சேறு அப்பிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நிற்பவர்களைப் பார்த்துக் கற்றது. அவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலவே மூன்றால் வகுத்துக்கொண்டு வந்தவர்கள்.

ஏன் வகுக்கக் கூடாது என்பதற்கு நிலத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தின் வரைபடத்தை எடுத்தால், தென்மேற்கிலிருந்து வடகிழக்காக யாரோ அளவுகோல் வைத்துக் கீறியதுபோல ஒரு பள்ளத்தாக்கு நாட்டைக் குறுக்கே வெட்டும். அது 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உருவான ஒரு நிலப்பிளவு. பிளவை ஒட்டி நொறுங்கிக் கிடந்த பாறையைப் பின்னாளில் பனியாறுகள் தோண்டி எடுத்தன. அந்தப் பள்ளங்களில் லோக்கி, ஆய்க், நெஸ் என்று மூன்று ஏரிகள் வரிசையாக நிற்கின்றன. (இங்கே ஏரியை 'லாக்' என்பார்கள், கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் அடைப்பும் ஆங்கிலத்தில் ஏறக்குறைய அதே ஒலிதான். குழப்பம் வேண்டாம் என்று நான் ஏரி, மதகு என்றே எழுதுகிறேன்.) இந்த ஏரிகளை இணைத்துத் தாமஸ் டெல்ஃபோர்டு வெட்டியதுதான் கலிடோனியன் கால்வாய். 1803-இல் தொடங்கி 1822-இல் திறந்தார்கள். மொத்த நீர்வழி ஏறத்தாழ 97 கிலோமீட்டர். அதில் மனிதர் வெட்டியது மூன்றில் ஒரு பங்குதான், மீதி ஏரிகள். மதகுகள் 29.

இந்த நீர்வழியின் உச்சி ஆய்க் ஏரி. அது கடல் மட்டத்திலிருந்து 32 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அதாவது ஃபோர்ட் வில்லியமில் கடலோரம் கிளம்பி ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓட்டி நீங்கள் அடையும் உயரம் ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் உயரம். அதிலும் பெரும்பகுதியைப் பானவியில் 'நெப்டியூனின் படிக்கட்டு' என்ற எட்டு மதகு வரிசையின் ஓரமாகவே ஏறிவிடுவீர்கள். படகுகள் அதை ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும், உங்களுக்கு ஐந்து நிமிடம். அதன்பின் கெயர்லாக்கி வரை கால்வாய்க்கரை மேசைபோலச் சமம். பின்னால் பென் நெவிஸ் மலை தெரியும், மேகம் விட்டால். லோக்கி ஏரியோரக் காட்டுப்பாதை சற்று ஏறி இறங்கும், மூச்சு வாங்காது. லாகன் மதகுகளைத் தாண்டி ஆய்க் ஏரியின் கிழக்குக் கரையில் ஒரு பழைய ரயில் தடத்தின் மேலேயே ஓட்டுவீர்கள். அந்த ரயில் 1903-இல் ஓடத் தொடங்கியது. இன்வர்னெஸ் வரை நீள்வதாகக் கனவு கண்டு ஃபோர்ட் அகஸ்டஸைத் தாண்டாமலேயே நின்றுபோய், 1946-இல் மொத்தமாக மூடப்பட்டது. முதலீடு செய்தவர்கள் பாவம். ஆனால் ரயில் போன தடத்தில் செங்குத்து இருக்காது என்பதால் சைக்கிள்காரர்களுக்கு அது வரம். இருபுறமும் பாசி படர்ந்த மரங்கள், பக்கத்தில் தண்ணீர். என்னைக் கேட்டால் முழுப் பாதையிலும் அழகான இடம் இதுதான், நெஸ் ஏரி அல்ல.

ஃபோர்ட் அகஸ்டஸுக்கு வந்ததும் பாதையின் குணம் மாறுகிறது. நெஸ் ஏரியின் கரையில் சமமான இடமே கிடையாது. 37 கிலோமீட்டர் நீளம், 230 மீட்டர் ஆழம். மலைச்சரிவு நேராகத் தண்ணீருக்குள் இறங்கிவிடும். இருக்கும் ஒரு விளிம்பையும் ஏ82 நெடுஞ்சாலை எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே பாதை காட்டுக்குள் ஏற வேண்டியிருக்கிறது. ஏறி, இன்வர்மோரிஸ்டனுக்கு இறங்கி, மறுபடி ஏறி, ட்ரம்நாட்ராகிட்டுக்கு இறங்கி, அங்கிருந்து அப்ரியாகன் பக்கம் ஏறத்தாழ 380 மீட்டர் வரை ஏறி, கடைசியாக இன்வர்னெஸுக்கு இறங்குகிறது. ட்ரம்நாட்ராகிட் ஏரி மட்டத்தில் இருக்கிறது, ஏரியோ கடலிலிருந்து 16 மீட்டர். மீதியைக் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கணக்கை இதன்மேல் வைத்துப் பாருங்கள். முதல் நாற்பது உங்களை ஆய்க் ஏரிக்கரையில் விடும். மதியமே வந்து சேர்ந்து, 'இவ்வளவுதானா' என்று சொல்வீர்கள். இரண்டாவது நாற்பது இன்வர்மோரிஸ்டனைத் தாண்டி ஒரு காட்டுச் சரிவில் முடியும். பாதையின் மிகப் பெரிய ஏற்றம், அதாவது அப்ரியாகனுக்கு ஏறுவது, ஏற்கெனவே களைத்துப்போன மூன்றாம் நாளில், மீதித் தூரத்தோடு சேர்ந்து வந்து விழும். அன்று மழையும் பெய்தால் மகன் உங்களோடு பேசுவதை நிறுத்திவிடுவான்.

நான் சொல்லும் பிரிவு இது. முதல் நாள் ஃபோர்ட் வில்லியமிலிருந்து ஃபோர்ட் அகஸ்டஸ் வரை, 53 கிலோமீட்டர் அளவில். கேட்க அதிகம்போல இருக்கும். சமதளம் என்பதால் காலை ஒன்பதுக்குக் கிளம்பி, நின்று படம் எடுத்து, சாப்பிட்டு, மாலை ஐந்துக்குள் போய்விடலாம். ஜூலையில் இரவு பத்து வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் அவசரமும் இல்லை. இரண்டாம் நாள் ட்ரம்நாட்ராகிட் வரை 35 கிலோமீட்டர், மூன்றாம் நாள் இன்வர்னெஸ் வரை 30 கிலோமீட்டர். தூரம் குறையக் குறைய உழைப்பு கூடும். மூன்று நாளும் ஒரே அளவு களைப்போடு படுக்கைக்குப் போவீர்கள். முதல் நாள் சாப்பாட்டை ஃபோர்ட் வில்லியமிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், இடையில் கடைகளை நம்ப வேண்டாம்.

ஃபோர்ட் அகஸ்டஸிலிருந்தும் இன்வர்மோரிஸ்டனிலிருந்தும் இரண்டு இரண்டு வழிகள் பிரியும். பழைய தாழ்வழி காட்டுக்குள் போகும். 2014-இல் திறந்த மேல்வழி மரங்களுக்கு மேலே ஏறி ஏரியை முழுசாகக் காட்டும். காட்சி என்று பார்த்தால் மேல்வழிதான், சந்தேகமில்லை. இன்வர்மோரிஸ்டனுக்கு மேலே, ஏரியைச் சட்டம் போட்டதுபோலப் பார்ப்பதற்காகவே மரத்தால் ஒரு பெரிய வளையம் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே வளைந்து வளைந்து ஏறும் குறுகிய செங்குத்துகள் நடப்பவர்களுக்காகப் போட்டவை. பை கட்டிய சைக்கிளைத் தள்ளத்தான் முடியும், சில இடங்களில் தள்ளவும் இருவர் வேண்டும். இங்கே கருத்து வேறுபாடு உண்டு: பையில்லாமல் மலைச் சைக்கிளில் வரும் என் நண்பர்கள் மேல்வழி இல்லாமல் இந்தப் பயணமே வீண் என்பார்கள். உங்கள் நிலையில், முதல் முறை, சுமையோடு என்றால் நான் தாழ்வழிதான் போவேன். எந்த வழியானாலும் ஒன்றில் மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை: களைத்துவிட்டது என்று ஏ82-இல் இறங்கிவிடாதீர்கள். ஓரத்தில் ஒதுங்க இடமில்லாத, வளைவுகள் நிறைந்த சாலை. லாரியும் சுற்றுலா பஸ்ஸும் காருமாக இடைவிடாமல் ஓடும். வரைபடத்தில் அது குறுக்குவழிபோலத் தெரியும். ட்ரம்நாட்ராகிட்டை விட்டு வெளியேறும்போது சிறிது தூரம் அதன் ஓர நடைபாதையில் போக வேண்டியிருக்கும், அது போதும்.

திசையை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஃபோர்ட் வில்லியமில் தொடங்குவதுதான் சரி. இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும், பள்ளத்தாக்கு அதை ஒரு குழாய்போலப் பிடித்து உங்கள் முதுகில் தள்ளும். மேற்குப் பக்கம் மழை அதிகம், இன்வர்னெஸ் பக்கம் குறைவு. நனைவதை முதலில் முடித்துக்கொண்டு காய்ந்துகொண்டே வரலாம். நான் சொன்னது பொதுவான போக்கு. வடகிழக்குக் காற்று மூன்று நாளும் முகத்தில் அடித்த ஒரு ஜூனையும் பார்த்திருக்கிறேன்.

இனி சைக்கிள். இதில் என் தொழில் பேசும், பொறுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய டயர் போட்ட சாலைச் சைக்கிள் வேண்டாம். 40 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் இருந்தால் மலைச் சைக்கிளோ, சரளைப் பாதைக்கென்றே செய்த கிராவல் சைக்கிளோ எதுவானாலும் சரி. பின்பக்கம் அதிர்ச்சி தாங்கி தேவையே இல்லை. இது பெரும்பாலும் லாரி போகும் காட்டுச் சாலை, பாறை தாண்டும் பாதை அல்ல. கியரைப் பார்க்க ஓர் எளிய வழி: முன்னால் உள்ள மிகச் சிறிய பல்சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள், பின்னால் உள்ள மிகப் பெரியதின் பற்களை எண்ணுங்கள். பின்னால் உள்ளது கூடுதலாகவோ சமமாகவோ இருந்தால் சுமையோடு ஏறலாம். குறைவாக இருந்தால் அப்ரியாகனை நடந்துதான் பார்ப்பீர்கள். நடப்பதில் அவமானம் ஒன்றுமில்லை, நானும் அந்த ஏற்றத்தின் தொடக்கத்தில் இறங்கித் தள்ளியிருக்கிறேன்.

எல்லோரும் பஞ்சருக்குப் பயப்படுகிறார்கள், உண்மையில் தீர்ந்துபோவது பிரேக். காட்டுச் சாலையில் போட்டிருப்பது உடைத்த கல். மழையில் அதன் பொடி தேய்ப்புக் களிம்புபோல ஆகி டிஸ்க் பிரேக்கின் பேடை, அதாவது வட்டத்தகட்டை அழுத்திப் பிடிக்கும் சிறு கட்டையை, தின்றுவிடும். வறண்ட நகரத்தில் ஓராண்டு வரும் பேடு, ஈரமான மூன்று நாளில், சுமையோடு நீள இறக்கங்களில், இரும்புத் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்து வந்ததை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். புதிய சைக்கிள்களில் பெரும்பாலும் பிசின் கலவைப் பேடு வரும். அது சத்தமில்லாமல் பிடிக்கும், ஆனால் ஈர மண்ணில் சீக்கிரம் கரையும். உலோகக் கலவைப் பேடு சற்று அலறும், நெடுநாள் உழைக்கும். உங்கள் பிரேக்கின் வட்டத்தகடு அதற்கு ஏற்றதா என்று பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். சைக்கிளுக்கு ஒரு ஜோடி கூடுதல் பேடும், அதை மாற்றும் பழக்கமும் கையில் இருக்கட்டும். வீட்டில் ஒருமுறை மகனை மாற்றச் சொல்லுங்கள். கூடவே இரண்டு டியூப், காற்றடிக்கும் பம்ப், செயின் இணைப்பு ஒன்று, பின் கியர் தொங்கும் அந்தச் சிறிய அலுமினியக் கொக்கி. கடைசியாகச் சொன்னது ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு வடிவம். உடைந்தால் எந்தக் கடையிலும் உங்களுடையது இருக்கும் என்று சொல்ல முடியாது.

மின்சைக்கிளுக்கு வருகிறேன். தேவையில்லை என்பது என் கருத்து. முதல் 53 கிலோமீட்டரில் அதற்கு வேலையே இல்லை, பின் பாதியில் உதவும். ஆனால் தள்ள நேரும் இடங்களில் அதன் எடை உங்கள் தோளுக்கு வரும். தந்தையும் மகனும் ஒரே வேகத்தில் போவதற்காக ஒன்று எடுக்கலாம் என்றால், அது அர்த்தமுள்ள யோசனை. அப்போது மின்சைக்கிள் உங்களுக்கு, அவனுக்கல்ல.

ஜூலை என்பதால் மிட்ஜ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கொசுவைவிடச் சிறிய ஈ. பெண் ஈ மட்டுமே கடிக்கும், ஆனால் மேகம்போலத் திரண்டு வரும். காற்றில்லாத, மூட்டமான, ஈரமான காலையும் மாலையும் அவற்றின் நேரம். சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்வரை உங்களைப் பிடிக்க முடியாது, நின்ற நொடியில் வந்துவிடும். ஆகவே பஞ்சர் ஆனால் அதே இடத்தில் உட்காராதீர்கள். காட்டை விட்டு, காற்று வீசும் திறந்த இடம் வரை தள்ளிக்கொண்டுபோய்ச் சரிசெய்யுங்கள். தலைக்கு மாட்டும் வலை விலை மலிவு, பார்க்கக் கேலியாக இருக்கும், வாங்கிவிடுங்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது உண்ணி. பாதையோரப் பெரணிச் செடிகளில் உரசியபடி ஓட்டினால் காலில் ஏறும். தினமும் இரவு முழங்காலின் பின்புறம், இடுப்பு எல்லாம் பாருங்கள்; இருந்தால் உண்ணி எடுக்கும் சிறு கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து இழுங்கள். சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். பின்வரும் வாரங்களில் வளையம்போலச் சிவந்து படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய், உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். இதற்குமேல் மருத்துவம் பேசும் தகுதி எனக்கு இல்லை.

கூடாரம் போடலாமா என்று மகன் கேட்பான். போடலாம். இங்கிலாந்தைப் போல நடைபாதையில் சைக்கிளுக்குத் தடை, கூடாரம் போட அனுமதி வாங்க வேண்டும் என்ற கெடுபிடி இங்கே இல்லை. ஸ்காட்லாந்தின் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும்வரை நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் குதிரையில் வருபவருக்கும் நிலத்தின் மேல் போகும் உரிமையைத் தருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கென அமைத்த வண்டி தவிர, மோட்டார் வண்டிகளுக்கு அது இல்லை. வீட்டுத் தோட்டம், பயிர் நிற்கும் வயல் போன்றவை விலக்கு. குறைந்த ஆட்கள், ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவு மட்டும், தடயம் இல்லாமல் கிளம்புதல் என்பது வழக்கம். காட்டில் தீ மூட்ட வேண்டாம். பாதையில் நடப்பவர்கள் அதிகம்; மணி கட்டிக்கொண்டு, பின்னாலிருந்து வரும்போது முன்கூட்டியே அடித்து, வேகத்தைக் குறையுங்கள். கால்வாய்க்கரையில் மகன் வேகம் பிடிக்க ஆசைப்படுவான், அங்கே மட்டும் அவனைக் கட்டுப்படுத்துங்கள்.

என்னால் உறுதி தர முடியாதவையும் உண்டு. இது மரம் வளர்த்து வெட்டும் காடு. சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களின் வரிசைகளை ஒரு பருவத்தில் வெட்டித் தள்ளுவார்கள், அப்போது பாதையைச் சில வாரம் மாற்றுவழியில் திருப்புவார்கள். ஜூலையில் எந்தத் துண்டு அடைபடும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. கிளம்புவதற்கு முந்தைய வாரம் பாதையின் அதிகாரப்பூர்வ அறிவிப்புகளைப் பாருங்கள். மாற்றுவழிப் பலகையை மீறி உள்ளே போகாதீர்கள், மரம் வெட்டும் இயந்திரத்துக்கு உங்களைத் தெரியாது. நான் குளிர்காலத்தில் முழுப் பாதையை ஓட்டியதில்லை, ஆகவே இதைப் படிக்கும் வேறு யாரும் என் கணக்கை டிசம்பருக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரயில் ஏற்பாட்டைத் தங்குமிடத்துக்கு முன்பே செய்யுங்கள். கிளாஸ்கோவிலிருந்து ஃபோர்ட் வில்லியம் போகும் ரயிலில் சைக்கிளுக்கான இடம் மிகக் குறைவு, கோடையில் முதலில் தீர்வது அதுதான். இரண்டு சைக்கிளுக்கும் இடம் கிடைத்த நாளைப் பிடித்துக்கொண்டு அறைகளைத் தேடுங்கள். திரும்பும்போது இன்வர்னெஸிலிருந்து லண்டன் செல்லும் நேரடி ரயிலில் சைக்கிளைச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும், அகல ஹேண்டில்பார் உள்ள மலைச் சைக்கிள் அந்தச் சிறிய அறைக்குள் திணறும். ஹேண்டில்பாரைத் தளர்த்தித் திருப்ப ஒரு ஆலன் சாவி கையில் இருக்கட்டும்.

மூன்றாம் நாள் ட்ரம்நாட்ராகிட்டில் சோம்பலாகக் கிளம்பாதீர்கள். ஏற்றம் முழுவதும் முதல் பகுதியில் இருக்கிறது, அதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மேலே அப்ரியாகனில், அந்த ஊர்க்காரர்களே 1998-இல் சேர்ந்து வாங்கிய 540 ஹெக்டேர் காட்டுக்குள் ஓட்டுவீர்கள். மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மேட்டுச் சமவெளியில் கொஞ்ச நேரம், அப்புறம் நகரம் வரை நீண்ட இறக்கம். நெஸ் ஆற்றின் நடுவே உள்ள தீவுகளைச் சிறு பாலங்களால் கடந்து கோட்டைக்கு ஏறினால் பாதை முடிந்தது. அந்த இறக்கத்தில்தான் பேடு தீரும். எங்கள் பட்டறை ஐந்தரைக்கு மூடிவிடுகிறது, ஐந்தே முக்காலுக்குக் கதவைத் தட்டுபவர்களுக்கும் நான் திறப்பதுண்டு, ஆனால் உங்கள் பிரேக்குக்குப் பொருந்தும் பேடு அன்று அலமாரியில் இருக்கும் என்று சொல்ல மாட்டேன்.